மருந்து கேட்குமா?

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பூஞ்சைப் பிரிவைப் பற்றி வந்து பேச வேண்டும் என்று உங்கள் துறைத் தலைவர் கேட்டார். பேசினால் நடுவில் நின்றுபோய்விடுவேன், எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எதை எந்தத் தட்டில் வளர்ப்பது, எவ்வளவு சூட்டில் வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இப்போது உங்களிடம் இருக்கும் இயந்திரங்களில் பாதியை நான் தொட்டுப் பார்த்தது கூட இல்லை. அதனால் அதையெல்லாம் விட்டுவிட்டு, ஒரே ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். நல்லபடியாக முடிந்த கதை வேண்டும் என்றால் இங்கேயே மடித்து வைத்துவிடலாம். நல்லபடியாக முடிந்தவை என் வேலையிலும் சில உண்டு. அவற்றின் முகங்கள் நினைவில் இல்லை.

நம் பக்கத்தில் ஒரு மருந்து வேலை செய்யுமா என்று யாரும் கேட்பதில்லை. "இந்த மருந்துக்குக் கேக்குமா?" என்றுதான் கேட்பார்கள். நோய் என்பது ஏதோ சொல்பேச்சுக் கேட்கும் பிள்ளை மாதிரி. பூஞ்சைகளோடு இத்தனை காலம் கழித்த பிறகு அந்தச் சொல் சரியானதுதான் என்று தோன்றுகிறது. சில கேட்கும். சில கேட்காது. பெரும்பாலானவை கேட்பது போல இருக்கும்.

சாதிக்குக்கு நாற்பதை ஒட்டிய வயது. கடலூர் முதுநகர்க்காரர். சவுதியில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தார். அங்கேயே சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய் ஊர் திரும்பினார். அக்கா மும்தாஜ் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். அதன் பிறகு சில ஆண்டுகள் நன்றாகவே ஓடின. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டு மாடியில் ஓர் அறையில் தங்கிக்கொண்டு, கீழே தெருமுனையில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருந்தார். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட்டார். அந்த மாத்திரைகள் உடம்பின் காவலைக் குறைத்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். நமக்கெல்லாம் ஒன்றும் செய்யாத கிருமி அப்படிப்பட்டவர்களுக்குள் குடித்தனம் வைத்துவிடும்.

தலைவலி என்று ஆரம்பித்தது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினார். பிறகு பார்ப்பதெல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. மும்தாஜ் அவரைச் சிதம்பரத்துக்கு, நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். முதுகுத்தண்டில் ஊசி போட்டு எடுத்த மூளை நீர் என் மேசைக்கு வந்தது.

அந்த நீரில் ஒரு சொட்டுக் கறுப்பு மை கலந்து பார்ப்போம். கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை தன்னைச் சுற்றித் தடித்த உறை ஒன்றை வைத்திருக்கும். மை அதற்குள் போகாது. அதனால் கறுப்பின் நடுவே வெள்ளை வட்டங்கள் தெரியும். அன்று நுண்ணோக்கியில் எந்தப் பக்கம் நகர்த்திப் பார்த்தாலும் வட்டங்கள்தான். பார்க்க மிக அழகாக இருக்கும். நீங்களும் முதல் தடவை பார்க்கும்போது பக்கத்து மேசையில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுவீர்கள். தவறில்லை. ஆனால் அடுத்த காரியமாக ஒன்று செய்யுங்கள். வார்டுக்கு நடந்துபோய் அந்த நீர் யாருடையது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

நான் போனபோது சாதிக் கண்ணை மூடிப் படுத்திருந்தார். வெளிச்சம் தாங்கவில்லை. பக்கத்தில் ஸ்டூலில் மும்தாஜ். வார்டு டாக்டர் ஒருவர் படித்ததை மறக்காதவர். இந்தப் பூஞ்சையின் பெயர் வந்தாலே பாடப் புத்தகத்தில் அடுத்த சொல் புறா எச்சம் என்பதுதான். அவர் சாதிக்கிடம் வீட்டில் புறா இருக்கிறதா என்று கேட்டார். அத்தனை தலைவலியிலும் சாதிக்குக்குக் குரல் எழும்பிவிட்டது.

"இருக்குது டாக்டர். பந்தயப் புறா. ஆந்திராவுல கொண்டுபோய் உட்டாலும் சாயந்தரத்துக்குள்ள வூட்டு மாடில வந்து எறங்கிடும்."

அவர் அப்படிச் சொன்னபோது மும்தாஜின் முகம் மாறியதை நான் கவனித்தேன். அது எதனால் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அன்று மதியம் ஆய்வகத்துக்கு வெளியே பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். அவன் முன்னாடி கேக்க முடியல."

"கேளுங்கம்மா."

"இது எங்கிட்டேர்ந்து போனதா?"

எனக்கு விளங்கவில்லை. அவர் கையை இடுப்பின் பக்கம், தழும்பு இருக்கும் இடத்தில் வைத்துக் காட்டினார்.

"நான் குடுத்தது வழியா போயிருக்குமா? எனக்கு முன்னாடில்லாம் இருமல் வரும். யாருக்கும் சொன்னதில்ல."

கொடுத்தவரின் உறுப்போடு இந்தப் பூஞ்சை போவது உண்டு. ஆனால் அப்படிப் போனால் அறுவை சிகிச்சை முடிந்த கொஞ்ச காலத்திலேயே தலைகாட்டிவிடும். இத்தனை ஆண்டுகள் காத்திருக்காது. அதை அவரிடம் சொன்னேன். "உங்ககிட்டேர்ந்து போகலம்மா" என்று சொன்னபோது என் குரலில் சந்தேகமே இல்லை. இந்த நோயாளியின் விஷயத்தில் நான் அப்படிச் சந்தேகமில்லாமல் பதில் சொன்ன கேள்விகள் அதிகம் இல்லை.

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்து நிமிர்ந்தவர் சொன்னார்:

"அப்ப புறாதான்."

"அது இன்னும் தெரியாதும்மா. இருக்கலாம்."

அவர் அதைக் கேட்கவில்லை. தன் மேல் இருந்த பாரம் இறங்கியது, அதை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. வார்டில் அவர் முகம் மாறியதும் இதனால்தான்.

இந்தப் பூஞ்சையில் பங்காளிகள் போல இரண்டு வகை உண்டு. ஒன்று புறா எச்சத்தில் இருக்கும். அதிலும் புது எச்சத்தில் குறைவு. வெயில் படாத மூலையில் நாள்பட்டுக் காய்ந்து பொடியாகிக் கிடப்பதில்தான் அது செழித்து வளரும். காற்றில் எழும்பி மூச்சில் போகும். புறாவுக்கு ஒன்றும் ஆகாது, அதன் உடம்புச் சூடு அதிகம். இன்னொன்று மரத்தில் இருக்கும். உளுத்துப்போன கட்டை, மரப்பொந்து, உதிர்ந்த பட்டை, இப்படி. நோய் என்று வந்துவிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று போலவே காட்டும். வளர்த்துப் பார்த்தால்தான் எது எது என்று பிரிக்க முடியும்.

நான் குடியிருந்தது கடலூரில். தினமும் சிதம்பரத்துக்கு ரயிலில் போவேன். அடுத்த நாள் காலை ரயிலுக்குப் போகும் வழியில் மும்தாஜின் வீட்டுக்குப் போனேன். மொட்டை மாடியில் பலகையும் கம்பி வலையும் கொண்டு சாதிக்கே செய்த கூடு. ரிப்பேர்க்காரர் கை என்று பார்த்தாலே தெரியும். பழைய ஃப்ரிட்ஜ் கதவு ஒன்றைத் தீனிப் பெட்டிக்கு மூடியாகப் பொருத்தியிருந்தார். புறாக்கள் சாம்பலும் நீலமுமாக, காலில் வளையத்தோடு, என்னை ஒரு கண்ணால் பார்த்தன. கூட்டின் பின்மூலையில் காய்ந்த எச்சம் கெட்டியாகப் படிந்திருந்தது. அதில் எடுத்துக்கொண்டேன். கொல்லையில் ஒரு நாவல் மரம் இருந்தது, அடியில் சின்னப் பொந்து. அதிலும் எடுத்துக்கொண்டேன்.

மும்தாஜின் கணவர் மாடிப்படியிலேயே நின்றார், மேலே ஏறி வரவில்லை.

"ரிசல்ட் வர்ற வரைக்கும் எதுவும் செய்யாதீங்க" என்றேன். "காஞ்சத கூட்டிப் பெருக்காதீங்க. தண்ணி தெளிச்சி, மூக்குல துணி கட்டிக்கிட்டு அள்ளுங்க. தம்பி வரட்டும், அப்புறம் பேசலாம்."

"எத்தினி நாள் ஆவும்?" என்றார் மும்தாஜ்.

"வளரணும்மா. நம்ம அவசரத்துக்கு அது வளராது."

அவர்களால் காத்திருக்க முடியவில்லை. ஸ்ரீமுஷ்ணத்தில் சாதிக்கின் பந்தயச் சிநேகிதர் ஒருவர் இருந்தார். அவருக்குப் போன் போட்டு, வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார் மும்தாஜ். அவர் கூடைகளோடு வந்து எடுத்துப்போனார். ஸ்ரீமுஷ்ணத்தில் கூட்டைத் திறந்ததும் பறவைகள் என்ன செய்யும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்தான். பயம் வந்துவிட்டால் தெரிந்தது எதுவும் கைகொடுக்காது.

மும்தாஜ் என்னிடம் சொன்னது இது:

"காலைல துணி காயப் போட மாடிக்குப் போனேன் டாக்டரம்மா. கைப்பிடிச் சுவர் மேல வரிசையா ஒக்காந்திருக்குதுங்க. அந்த நோவே திரும்பி வந்து ஒக்காந்த மாதிரி இருந்திச்சி. எங்க வூட்டுக்காரரு ஒரு சாக்க எடுத்துக்கிட்டு மேல போனாரு. எங்க கொண்டுபோறீங்கன்னு நான் கேக்கல."

கறிக்கடைக்குத்தான் கொண்டுபோயிருந்தார்.

அதே நாளில் நான் வார்டுக்குப் போனபோது சாதிக் கொஞ்சம் தெளிவாக இருந்தார். நான் நாடித்துடிப்புச் சார்ட்டைப் பார்ப்பது போல நின்றுகொண்டிருந்தேன்.

"லாத்தா, கம்பு வாங்கி வச்சியா?" என்று அக்காவைக் கேட்டார்.

"வச்சேன்."

"தண்ணி மாத்துனியா?"

"மாத்தினேன்டா. நீ பேசாம படு."

தட்டுகளில் வளர்ந்து வந்தன. கூட்டிலிருந்து எடுத்த எச்சத்தில் பூஞ்சை இருந்தது, பேய் எள் கலந்த வளர்ப்பு ஊடகத்தில் பழுப்பாக ஏறி வந்தது. அது புறா வகை. சாதிக்கின் மூளை நீரில் வளர்ந்தது மர வகை. பிரித்துக் காட்டும் ஊடகத்தில் சாதிக்கினுடையது நீலமானது, கூட்டினுடையது ஆகவில்லை. சந்தேகத்துக்கு இடமே இல்லை. கொல்லை நாவல் மரத்தில் வேறு பூசணங்கள்தான் இருந்தன, இது இல்லை.

அதை மும்தாஜிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று என் சக டாக்டர் ஒருவர் பிறகு சொன்னார். ஆனால் மும்தாஜே வந்து நேராகக் கேட்டார். கேட்டவரிடம் எப்படி மறைப்பது?

"புறாவால வரலம்மா. கூட்டுல இருக்கறது வேற. தம்பிக்கு வந்தது வேற."

அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"அப்ப எதுலேர்ந்துதான் வந்திச்சி?"

"மரத்துலேர்ந்து. எந்த மரம்னு சொல்ல முடியல. எப்பவோ மூச்சுல போய், உள்ள சும்மா படுத்துக் கெடந்திருக்கும். மாத்திரையால ஒடம்பு தளர்ந்ததும் எழுந்திருக்கும்."

"மரமா?" என்றார். "மரம் எங்கதான் இல்ல."

பிறகு, "அவன்கிட்ட சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிருமி எங்கே வாழ்கிறது என்று தேடிப் போவது நம் வேலையிலேயே மனசுக்குப் பிடித்த பகுதி. கையுறையும் டப்பாவுமாக வெயிலில் திரிவது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நாம் ஓர் இடத்தில் போய் எச்சத்தைச் சுரண்டினாலே, பார்ப்பவர்களுக்கு அது தீர்ப்பு. ஆய்வகத்தில் நாம் "இருக்கலாம்" என்று சொல்வது வாசலைத் தாண்டும்போது "தான்" என்று ஆகிவிடும். இதைத் தடுக்க ஒரு வழி கண்டுபிடித்தீர்கள் என்றால் எனக்கும் சொல்லுங்கள். நான் கண்டுபிடிக்கவில்லை.

இனி மருந்து.

மூளைக்குப் போன கிரிப்டோகாக்கஸுக்கு முதலில் கொடுப்பது ஆம்போடெரிசின் ஊசி. பூஞ்சையைக் கொல்லும், சிறுநீரகத்தையும் அடிக்கும். சிறுநீரகத்தை அதிகம் அடிக்காத வகை ஒன்று உண்டு. சாதிக்குக்கு அதைத்தான் கொடுத்தார்கள். இருந்தாலும் அது மாற்றுச் சிறுநீரகம், அதற்குத் தாங்கும் சக்தி குறைவு. ஊசியோடு சேர்த்துக் கொடுக்கும் இன்னொரு மருந்து எங்களுக்கு எங்கே தேடியும் கிடைக்கவில்லை. கடைசியாக ஃப்ளூகோனசோல் மாத்திரை. சிறுநீரகத்துக்கு நல்லது, விழுங்கினால் போதும், எங்கும் கிடைக்கும். ஆனால் சாதிக்கின் பூஞ்சை அதற்குக் கேட்குமா?

சிறுநீரக டாக்டர் ஒரு நாள் மதியம் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். போனில் கேட்டிருக்கலாம். அவர் நேரில் வந்ததிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. திருவதிகைப் பக்கத்துக்காரர், இளைஞர், அதிர்ந்து பேசாதவர். சாதிக்குக்குச் சிறுநீரகம் பொருத்திய நாளிலிருந்து அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், க்ரியாட்டினின் ஏறிக்கிட்டே போவுது. இப்ப ஊசிய நிறுத்தினா கிட்னிய இழுத்துப் புடிச்சிடலாம்னு தோணுது. மாத்திரைக்கு மாறிடலாமா? கேக்குமா கேக்காதா, அத மட்டும் சொல்லுங்க."

"போட்டுப் பாத்தேன். அத அடக்க வேண்டிய மருந்து அளவு ஜாஸ்தியா வருது. சந்தேகமா இருந்திச்சி, திரும்ப ரெண்டு வரிசையா போட்டேன். ஒண்ணு அதே மாதிரி ஜாஸ்தி. இன்னொண்ணு ஒரு படி கீழ வந்திருக்கு."

"அப்ப ரெசிஸ்டன்ட்னு எழுதிடுவீங்களா?"

"எழுத முடியாது டாக்டர். இந்த அளவுக்கு மேல போனா கேக்காதுன்னு இந்தப் பூஞ்சைக்கு ஒரு கோடு யாரும் போடல. நம்பரக் குடுக்கலாம். முடிவக் குடுக்க முடியாது."

"கோடு இல்லன்னா நம்பர வச்சிக்கிட்டு நான் என்ன மேடம் பண்றது?"

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தம்மா டெய்லி என்னைப் பாத்ததும் ரெண்டு கேள்வி கேப்பாங்க. தம்பி எப்படி இருக்கான்னு ஒண்ணு. கிட்னி எப்படி இருக்குன்னு ஒண்ணு. ரெண்டுத்துக்கும் ஒரே மொகத்தோட கேப்பாங்க. இன்னிக்கி நான் அவுங்க பக்கமே போகாம பின்னாடி படிக்கட்டு வழியா வந்தேன்."

நான் கடைசியாக எடுத்த மூளை நீரின் தட்டை எடுத்துக் காட்டினேன். அன்று காலைதான் பார்த்தது. பூஞ்சை இன்னும் உயிரோடு வளர்ந்துகொண்டிருந்தது. முந்தையதைவிடக் குறைவு, ஆனால் வளர்ந்துகொண்டிருந்தது. அவர் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிறுநீரக டாக்டர்கள் தட்டுப் பார்ப்பதில்லை. அவர் அதில் எதையாவது கண்டுபிடித்துவிட முடியும் என்பது போலப் பார்த்தார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க மேடம்? ரிப்போர்ட்ட விடுங்க."

இந்தக் கேள்வி உங்களிடமும் வரும். எந்தப் பாடத்திலும் இதற்கு விடை இல்லை. "முடிவு செய்ய வேண்டியது சிகிச்சை தரும் மருத்துவர்" என்று ஒரு வரி உண்டு, நம் அறிக்கைகளின் அடியில் அச்சாகியே வரும். அதைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அவர் பின்படிக்கட்டு வழியாக வந்தவர். அப்படி அனுப்ப எனக்கு வாய் வரவில்லை.

"என் தம்பியா இருந்தா இப்ப நிறுத்த மாட்டேன்" என்றேன். "மூளைல இன்னும் உயிரோட இருக்கு. கேக்குமோ கேக்காதோன்னு இருக்கற மாத்திரைய மட்டும் நம்பி விட மாட்டேன்."

"கிட்னி போயிடும்."

"போகலாம்."

"போயிடும் மேடம்" என்றார் அவர்.

தட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். இந்தத் தடவை முன்பக்கமாகவே போனார். மும்தாஜ் அங்கே இருந்தார் என்பது எனக்குத் தெரியும். அவரிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஊசி தொடர்ந்தது. உடம்பின் காவலைக் குறைக்கும் மாத்திரைகளையும் குறைத்தார்கள். குறைத்தால்தான் உடம்பு பூஞ்சையோடு போராடும். ஆனால் குறைத்தால் மாற்றுச் சிறுநீரகத்தையும் எதிரியாகப் பார்க்க ஆரம்பிக்கும். சிறுநீரகம் நின்றுபோனது. ஊசியால் நின்றதா, மாத்திரை குறைத்ததால் நின்றதா, இரண்டும் சேர்ந்தா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதே சமயத்தில் மூளைக்குள் ஏறிய அழுத்தம் பார்வை நரம்பை நசுக்கிவிட்டது. நீரை எடுத்து எடுத்து அழுத்தத்தைக் குறைக்கப் பார்த்தார்கள். முதலில் ஓரங்கள் மறைந்தன. பிறகு அக்காவின் முகம்.

அதற்குக் கொஞ்சம் பின்னால் வந்த மூளை நீரில் பூஞ்சை வளரவில்லை. அடுத்ததிலும் வளரவில்லை. "வளர்ச்சி இல்லை" என்று அறிக்கையில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். நம் மேசையில் அது வெற்றி. அந்தக் காகிதம் வார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சாதிக்கை டயாலிசிஸுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். கண்ணைத் திறந்தபடி, எதையும் பார்க்காமல், அவர் ஸ்ட்ரெச்சரில் போவதை நான் வராந்தாவில் ஒதுங்கி நின்று பார்த்தேன்.

வீட்டுக்குப் போனார். கடலூரிலேயே டயாலிசிஸ் ஏற்பாடாயிற்று. மும்தாஜ் ஆட்டோவில் அழைத்துப்போய் அழைத்துவருவார். மாடியில் சத்தம் இல்லை என்பதை சாதிக் முதல் நாளே கண்டுகொண்டார். கேட்காமல் இருந்தார். ஒரு நாள் கேட்டுவிட்டார். மும்தாஜால் பொய் சொல்ல முடியவில்லை. ஸ்ரீமுஷ்ணத்துக்கு அனுப்பியதைச் சொன்னார்.

"திரும்பி வந்துதுங்களா?" என்று கேட்டாராம்.

"வந்துதுங்க."

"எத்தினி?"

"எல்லாம்."

"எல்லாமா!" என்று சிரித்தாராம். வீட்டுக்கு வந்த பிறகு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று மும்தாஜ் சொன்னார். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று சாதிக் கேட்கவில்லை. மும்தாஜும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் டயாலிசிஸுக்கு வர மறுக்க ஆரம்பித்தார். மச்சான் கெஞ்சினால் ஒரு தடவை வருவார், அடுத்த தடவை மாட்டேன் என்பார். "போதும் லாத்தா, உனக்கும் முடியல" என்பாராம். பிறகு ஒரேயடியாக நிறுத்திக்கொண்டார். மழைக்காலம் தொடங்கும்போது இறந்துபோனார். சிறுநீரக டாக்டர்தான் எனக்குப் போனில் சொன்னார். "சரி" என்றேன். அவரும் "சரி மேடம்" என்றார்.

சில மாதங்கள் கழித்து மும்தாஜ் ஆய்வகத்துக்கு வந்தார். சிறுநீரகம் கொடுத்தவர்களை ஆண்டுக்கு ஒரு தடவை பரிசோதிப்பார்கள், அதற்காகச் சிதம்பரம் வந்திருந்தார்.

"எனக்கு நல்லாருக்குதாம்" என்றார். ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல இருந்தது.

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"கிட்னி டாக்டரு சொன்னாரு. அன்னிக்கி ஊசிய நிறுத்த வேணாம்னு நீங்கதான் சொன்னீங்களாம்."

"ஆமாம்மா."

"மாத்திர கேக்கும்னு சொல்லியிருந்தா?"

"தெரியலம்மா. கிட்னி தங்கியிருக்கலாம். தம்பி முன்னாடியே போயிருக்கலாம். ரெண்டும் போயிருக்கலாம். எத்தனையோ தடவ யோசிச்சிப் பாத்துட்டேன். தெரியல."

தலையை ஆட்டினார். குற்றம் சொல்ல வந்தவர் போல இல்லை. குற்றம் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அவனத் தூக்கிட்டுப் போறப்ப வாசல்ல நின்னு பாத்தேன். அவன் மட்டும் போகல டாக்டரம்மா. செத்துப்போச்சின்னாலும் என்னோடது உள்ளதானே இருக்குது. என்னுது ஒண்ணு எனக்கு முன்னாடியே மண்ணுக்குப் போவுதேன்னு நெனச்சேன். அப்ப போயி இப்பிடி ஒரு நெனப்பு வரலாமா?"

"வரலாம்மா."

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அடுக்கிய தட்டுகள், குளிர்பெட்டிகள், கண்ணாடிக் குழாய்கள்.

"அது இங்கதான் இருக்குதா?"

"எது?"

"அவன் தலைக்குள்ள இருந்தது."

அப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் கேட்டதில்லை.

"இருக்கு."

"உயிரோடவா?"

"உயிரோடதான்."

"காட்டுங்க."

குளிர்பெட்டியைத் திறந்து குழாயை எடுத்து வந்தேன். கையில் கொடுக்கவில்லை, பிடித்துக் காட்டினேன். சரிவான ஊடகத்தின் மேல் வெண்மையும் மஞ்சளுமாகப் பளபளப்பாகப் படர்ந்திருந்தது.

"பாலாட மாதிரி இருக்குது" என்றார். "இதுவா?"

"இதுதான்."

"இத வச்சிக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

"இதே மாதிரி வேற யாருக்காவது வந்தா ஒத்துப் பாக்க வேணும். புது மருந்து வந்தா இதுக்குக் கேக்குதான்னு போட்டுப் பாக்கணும். இந்த வகை கெடைக்கறது கொஞ்சம் அபூர்வம்மா."

"கொன்னுட முடியாதா?"

முடியும். அந்த மனிதருக்குள் ஊசிக்கும் மாத்திரைக்கும் அத்தனை அடம்பிடித்த அது, கிருமிகளை அவித்துக் கொல்ல அறையின் மூலையில் இருந்த நீராவிக் கலத்துக்கு உடனே கேட்கும். மூடியைத் திருகிப் பொத்தானை அழுத்தினால் போதும்.

"முடியும்" என்றேன்.

அவர் காத்திருந்தார். நான் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கலம் அவருக்கும் எனக்கும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் செய்யவில்லை. நான் செய்ய மாட்டேன் என்பது அவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது.

"அவன் போயிட்டான்" என்றார். "நான் குடுத்தது போச்சி. அவன் வளத்தது போச்சி. இது மட்டும் நல்லா இருக்குது."

நான் குழாயைத் திரும்ப உள்ளே வைத்தேன். கதவை மூடும்போது கேட்டார்:

"மேல அவன் பேரு போட்டிருக்கீங்களா?"

"இல்லம்மா. நம்பர்தான்."

"பேரு போடாதீங்க."

டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அதை அழிக்காமல் வைத்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அந்த நிலையில் ஊசியை நிறுத்த வேண்டாம் என்று சொன்னதும் சரி என்றுதான் நினைக்கிறேன். சரியானதைச் செய்தால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் நம் வேலையில் இருந்தவர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெற்றபோது அந்தக் குழாயும் மற்றவற்றோடு உங்கள் பொறுப்புக்கு வந்தது. எந்த எண் என்று சொல்ல மாட்டேன். எல்லாக் குழாய்களையும் அவ்வப்போது எடுத்துப் புது ஊடகத்துக்கு மாற்றுகிறீர்கள், புது மருந்துகளைப் போட்டுப் பார்க்கிறீர்கள். செய்யுங்கள், செய்துதான் ஆக வேண்டும். அவற்றில் எது ஒரு புது மருந்துக்குக் கேட்டாலும் அன்றைக்கே எனக்குப் போன் செய்யுங்கள். நன்றாக வளர்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டாம்.